இருநூற்றுப் பதினேழாம் எண் உலர்த்தி

காலை ஐந்தரைக்கு எழுவான். பல் தேய்ப்பான். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். குழாயை மூடிவிட்டு நிமிர்வதற்குள் உடம்பு காய்ந்திருக்கும், தலைமுடி காய்ந்திருக்கும், நின்ற தரையும் காய்ந்திருக்கும். துண்டுக்கு வேலை இல்லை. ஆனாலும் கொடியிலிருந்து துண்டை எடுத்து வாளியில் முக்கி, பிழியாமல் சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் கட்டிலில் போடுவான். பிறகு தேநீர். அதை மடமடவென்று குடிக்க வேண்டும். தாமதித்தால் தம்ளரின் அடியில் சர்க்கரை மட்டும்தான் மிஞ்சும். குடித்து முடித்து வந்து பார்த்தால் துண்டு அட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். மெத்தையைத் தடவிப் பார்ப்பான். ஒரு பொட்டு ஈரம் இருக்காது. துண்டை மடிப்பான், ஆறேகாலுக்குக் கதவைப் பூட்டுவான். மனைவி இறந்த நான்காம் நாளிலிருந்து இப்படி. அவனுக்கு வயது இருபத்தொன்பது. அழவில்லை. கண்ணில் ஏதோ வந்ததாகவும், கன்னத்துக்கு இறங்குவதற்குள் காய்ந்துவிட்டதாகவும் அக்காவிடம் ஒருமுறை தொலைபேசியில் சொன்னான். “நல்ல கண் டாக்டரா பாத்துக் காட்டுடா” என்றாள் அக்கா.

அவன் வேலை செய்தது தேநீர்க் கோப்பைகளும் தட்டுகளும் செய்யும் தொழிற்சாலையில். நானூறு பேர். அவன் பௌதிகம் படித்தவன். பட்டதாரி என்பதால் பொத்தான்கள் அதிகமாக இருந்த இடத்தில் அவனை நிறுத்தியிருந்தார்கள். அந்த இடம் உலர்த்தி. அச்சிலிருந்து எடுத்த, சுடாத பச்சைக் களிமண் கோப்பையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது போகாமல் சூளைக்குள் வைத்தால் கோப்பை வெடித்துவிடும். அவசரப்பட்டு விரட்டினாலும் மேல்தோல் முந்திச் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், விரிசல் விழும். ஆகவே ரயில் பெட்டி நீளத்துக்கு ஓர் இரும்பறை, அதில் நாற்பது விசிறிகள், நீராவிக் குழாய்கள். முதலில் கோப்பைகளை வெதுவெதுப்பான ஈரக்காற்றில் ஊற வைத்து, பிறகு அவற்றுக்கே தெரியாமல் கொஞ்சங்கொஞ்சமாகக் காற்றை வறளவைக்க வேண்டும். பதினோரு மணி நேரம் ஆகும். மேலாளர் வெளிநாடு போய் நேரில் பார்த்து வாங்கிவந்த இயந்திரம் அது. அதன் பக்கத்தில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படம், அவருடைய கல்யாணப் படத்தைவிடப் பெரிதாக அவர் அறையில் தொங்கியது. நூறு கோப்பை உள்ளே போனால் ஒன்பது விரிசலோடு வெளியே வரும். அந்த ஒன்பதைப் பற்றி அவர் அறையில் யாரும் பேசுவதில்லை.

மனைவி கைப்பிடிப் பிரிவில் இருந்தாள். கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும்போது இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இருந்தால் ஒட்டிய இடம் உலர்த்தியில் விட்டுவிடும். மற்றவர்கள் ஈரமானியை வைத்துப் பார்ப்பார்கள். அவள் கோப்பையை ஒரு கன்னத்திலும் கைப்பிடியை மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுவாள். நாள் முழுக்கக் கன்னத்தில் மண்ணோடு திரிவாள். கைப்பிடிகள் விட்டுக்கொள்கின்றன என்று புகார் சொல்லப் போனவனிடம், “ஒட்டு என்னோடது, வெடிப்பு உங்களோடது. போய் உங்க மெஷினக் கேளுங்க சார்” என்றாள். மறுநாளும் புகார் சொல்லப் போனான். புகார் தீராததால் கல்யாணம் செய்துகொண்டார்கள். மூன்று வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல் ஷிஃப்டுக்காகக் கிளம்பியவள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பேருந்து வந்தபோது எழுந்திருக்கவில்லை. மூளையில் ஒரு சின்ன நரம்பு என்று மருத்துவர் சொன்னார். எவ்வளவு சின்னது என்று விரலால் காட்டவும் செய்தார்.

நான்காம் நாள் அவன் வேலைக்கு வந்தான். அன்று மின்சாரம் இல்லை. விசிறிகள் நின்றிருந்தன. உள்ளே ஈரக் கோப்பைகள் ஆயிரத்து இருநூறு நின்றன. என்ன கதி என்று பார்க்க அவன் அறைக்குள் போனான். உள்ளே போனவனுக்கு வெளியே வரத் தோன்றவில்லை. ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். நான்கு நிமிடம் கழித்துத் தரக்கட்டுப்பாட்டுக்காரம்மா ஈரமானியோடு வந்தார். ஒரு கோப்பையில் வைத்தார். ஊசி நகரவில்லை. மானியைத் தட்டினார். இன்னொன்றில் வைத்தார். ஆயிரத்து இருநூறும் காய்ந்திருந்தன, ஒன்றில்கூட விரிசல் இல்லை. உடைத்துப் பார்த்ததில் அவை வெளியிலிருந்து உள்ளே காயவில்லை, உள்ளிருந்து வெளியே காய்ந்திருந்தன. எந்த இயந்திரத்தாலும் முடியாதது அது. முன் அனுமதி பெறாமல் கோப்பைகள் காய்ந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அன்று மாலையே அவனுக்கு மேலாளரின் கடிதம் வந்தது. “தெரியவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஒரு வாரம் சோதித்தார்கள். அவன் இல்லாமல் விசிறிகள் ஓடினால் பதினோரு மணி நேரம், ஒன்பது விரிசல். விசிறிகள் இல்லாமல் அவன் உட்கார்ந்தால் நான்கு நிமிடம், விரிசல் இல்லை. இயந்திரம் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். மூன்று நாள் அவனைச் சுற்றிச் சுற்றி அளந்தார், முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தார், கடைசியில் எந்தப் பக்கம் நிறுத்துவது என்று கேட்டார். நிறுத்தத் தெரியாது என்றான். அவர் அதைக் குறையாக எழுதிக்கொண்டு போனார். நாற்பது விசிறிகளும் கழற்றி எண்ணெய் தடவி மூட்டை கட்டப்பட்டன. வாளிக்குப் பதில் முதுகு சாயும் நாற்காலி வந்தது. இயந்திரப் பதிவேட்டில் அவன் இருநூற்றுப் பதினேழாம் எண்ணில் ஏறினான். எண் பொறித்த தகடு சட்டைப் பையில் குத்தப்பட்டது. இயந்திரத்துக்கு விடுப்பு கிடையாது என்பதால் அவனுடைய விடுப்புகள் ரத்தாயின. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று விதி இருந்ததால், வேலைக்குச் சேர்ந்த ஏழு வருடத்தில் முதன்முறையாக அவன் நேரத்துக்கு வீடு போனான். இயந்திரம் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாமா என்று தொழிற்சங்கம் இரண்டு கூட்டம் போட்டுப் பேசியது. வாக்களிக்கலாம், பேசக் கூடாது என்று முடிவாயிற்று. அவன் முன்பும் பேசியதில்லை.

பக்கத்து நகரங்களிலிருந்து முதலாளிகள் வந்து கண்ணாடி ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தார்கள். இதில் ஒன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர்கள் தங்கள் தொழிலாளர்களிடம் பேசும் பேச்சில் வீட்டுக்காரியின் உடல்நிலை பற்றிய விசாரிப்புகள் திடீரென்று கூடின. இதற்கிடையில் ஒவ்வொரு முக்கிய இயந்திரத்துக்கும் ஓர் உதிரி கையிருப்பில் இருக்க வேண்டும் என்ற விதியைக் கொள்முதல் பிரிவு கண்டுபிடித்தது. மனைவியைப் பிரிந்தவர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். வரிசை கட்டி வந்தார்கள். மனைவி கோபித்துக்கொண்டு போன ஒருவர் உட்கார்ந்ததில் கோப்பைகள் லேசாகச் சூடாயின, அவ்வளவுதான். “வீட்டுக்காரி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா சார், ஒரு மாசம் ஆகும், அது போதுமா?” என்று கேட்ட பொதிகட்டும் பிரிவு ஆள் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்தார். அவரைச் சுற்றியிருந்த தட்டுகள் மறுபடி சேறாயின. அவரை வெளியே அனுப்பித் தரையைத் துடைத்தார்கள்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த அறையை விட்டுக் கைப்பிடிப் பிரிவுக்குப் போக வேண்டும்; அங்கே அவள் மேசை காலியாக இருந்தது; ஈரமான எதையாவது ஈரமாகவே கையில் வைத்திருக்க வேண்டும். இடமாற்றம் கேட்டு எழுதினான். இயந்திரம் விண்ணப்பிக்க முடியாது என்று திரும்பி வந்தது. தகடைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினான். தகடு இல்லாமல் வளாகத்தில் இருந்ததற்கு எச்சரிக்கை வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே போய் நின்றான். மேலாளர் அவனிடமிருந்து தன் தேநீரை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“தம்பி, உனக்கு அங்க என்ன குறை?”

“குறை இல்ல சார். போகணும்.”

“போனா சரியாயிடுவியா?”

“தெரியல சார்.”

“அதான் பயமா இருக்கு” என்றார் மேலாளர், மனதாரவே.

அன்றிலிருந்து அவன் சரியாகிவிடாமல் பார்த்துக்கொள்வது பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாயிற்று. உலர்த்திக் கூடத்தில் யாரும் ஜோக்கடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. உணவுக்கூடத்தில் அவன் தட்டில் இனிப்பு வைக்கக் கூடாது. மனைவியின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி நாற்காலிக்கு எதிரே மாட்டினார்கள்; அது அவன் பார்வையிலேயே காய்ந்து சுருண்டு உதிர்ந்ததால் மாதம் ஒரு படம் ஒதுக்கினார்கள். அக்கா ஜாதகம் எதையும் கொண்டுவரவில்லை, ஒரு பெண்ணையே நேராகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் பள்ளி ஆசிரியை. காவலாளி இருவரையும் வாசலிலேயே மறித்து, இயந்திரத்தைப் பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்றார். “எந்திரமா? நான் தூக்கி வளத்தவன்யா அவன்” என்று அக்கா நடுத்தெருவில் நின்று கத்தினாள். ஆசிரியை நிழலாகப் பார்த்து ஒதுங்கி நின்றுகொண்டாள். அவளுக்கு அடுத்த மாதம் வேறிடத்தில் நிச்சயமாயிற்று.

இப்படி இரண்டு வருடம். பின்பு ஒரு திங்கட்கிழமை கோப்பைகள் காய நான்கு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் ஆனது. வியாழக்கிழமை ஆறு. விசாரித்ததில், அந்த வாரம் அவன் இரண்டு முறை பசித்துச் சாப்பிட்டதாக உணவுக்கூடப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். மேலாளர் அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டுப் பழைய உலர்த்தியின் கையேட்டைப் புரட்டினார். வேகம் குறைந்தால் உலர்த்தலுக்கு மூலமாக இருப்பதைப் புதுப்பிக்கவும் என்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. அது நீராவிக் குழாயைப் பற்றியது. அதை அவனைப் பற்றி என்று எடுத்துக்கொண்டு, மனைவியின் இரண்டாம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். உலர்த்திக் கூடத்தின் வாசலில் கல் நட வேண்டும், அதில் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளைப் பொறிக்க வேண்டும். அந்த வார்த்தைகளை மேலாளர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தானே எழுதினார்.

நானூறு பேரும் நின்றார்கள். அவனை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். மேலாளர் பேசினார். உழைப்பு, தியாகம், ஏற்றுமதி எல்லாம் வந்தன. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அந்த அம்மா மூச்சு அடங்கும்போது என்ன சொன்னாங்க தெரியுமா? ‘நான் போனாலும் கோப்பைகள் காயணும்’னு சொன்னாங்க” என்றார். தன் எழுத்தில் தானே உருகிச் சற்று விம்மவும் செய்தார். முன்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழுந்து நின்றிருந்தான்.

“அவ அப்படிச் சொல்லல சார்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இயந்திரம் பேசி அவர்கள் கேட்டதில்லை.

மேலாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “சரி, என்னதான் சொன்னாங்க? நீயே சொல்லுப்பா. அதையே கல்லுல வெட்டிடுவோம். இத்தன பேர் முன்னால வாக்குக் குடுக்கறேன்.”

அவன் சொன்னான். அவ்வளவு சத்தமாக அவன் எதையும் சொன்னதில்லை. கைப்பிடிப் பிரிவிலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். “எங்க வீட்லயும் இதேதாங்க தினம்” என்றாள் இன்னொருத்தி. அறுபது பெண்களும் சிரித்தார்கள். அறுபது வீடுகளிலும் அன்று காலைகூட அதே வாக்கியம் சொல்லப்பட்டிருந்தது. ஆண்கள் மெல்லத் தரையைப் பார்த்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தான், முகத்தை இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டான், தோள்கள் நெடுநேரம் குலுங்கின. நிமிர்ந்தபோது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நனைந்தது நனைந்தபடியே இருந்தது. தரக்கட்டுப்பாட்டுக்காரம்மா பழக்கதோஷத்தில் அருகே போய் ஈரமானியை அவன் சட்டையில் வைத்துப் பார்த்தார். “பதினெட்டு சதவீதம்” என்று அறிவித்தார். கேட்காதவர்களுக்காக இன்னொரு முறையும் அறிவித்தார்.

அடுத்த நாள் அவனைச் சுற்றி வைத்த கோப்பைகள் மாலைவரை பச்சையாகவே நின்றன. இருநூற்றுப் பதினேழாம் எண் பழுது பார்க்க இயலாதது என்று பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. நாற்பது விசிறிகளும் மூட்டை பிரிந்து பழைய இடத்துக்குப் போயின. பதினோரு மணி நேரம், நூற்றுக்கு ஒன்பது விரிசல். மேலாளரின் அறையில் அந்த ஒன்பதைப் பற்றிப் பேசாமலிருக்க எல்லோரும் மறுபடியும் கற்றுக்கொண்டார்கள். கழித்துக்கட்டிய இயந்திரத்தை எங்கே போடுவது என்று விதி எதுவும் சொல்லவில்லை. ஆகவே அவன் தானாகவே நடந்து போய்க் கைப்பிடிப் பிரிவில் காலியாக இருந்த மேசையில் உட்கார்ந்தான். முதலில் ஒட்டியவை எல்லாம் விட்டுக்கொண்டன. பக்கத்து மேசைப் பெண், “மீட்டர மூட்டகட்டி வைங்க தம்பி, கன்னத்துல வச்சுப் பாருங்க” என்றாள். வைத்துப் பார்த்தான். அந்த வாரமே வீட்டில் துண்டு ஈரமாகவே கிடந்து மெத்தை நாறத் தொடங்கியது. மெத்தையை வெயிலில் தூக்கிப் போட்டான். துண்டைக் கொடியில் விரித்தான். மறுநாளும், அதற்கு மறுநாளும் கொடியில்தான்.

வாக்குக் கொடுத்தது நானூறு பேர் முன்னால் என்பதால் கல்லும் வெட்டப்பட்டது. உலர்த்திக் கூடத்தின் வாசலில் அது இப்போதும் நிற்கிறது. உள்ளே எப்போதும் ஓடும் விசிறிகளின் காற்றிலும், கோடைக்காலத்தில்கூட அதன் இடது ஓரம் மட்டும் காய்வதில்லை. அது அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். வெளியூர்த் தொழிற்சாலைக்காரர்கள் அதை உலர்த்துதல் பற்றிய முதல் விதி என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். வருடாவருடம் வரும் ஆய்வாளர்கள், இந்த விதி மீறப்பட்டதாகப் புகார் ஏதும் இல்லை என்று பதிந்துவிட்டுப் போகிறார்கள். கல்லில் பெயர் இல்லை, தேதி இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, ஒரு காலில் செருப்போடு, மறு செருப்பைத் தேடிக்கொண்டே, அறைக்குள் திரும்பிப் பார்த்து அவள் சொன்னது மட்டும் இருக்கிறது:

“ஏங்க, ஈரத் துண்டக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தன தடவதான் சொல்றது?”