ஒரு சாண் கூடுதல்

துரைமார்களுக்கு மலை போதவில்லை, தண்ணீரும் வேண்டியிருந்தது. அணையைக் கட்டி, ஆற்றோரத்தில் கூலி ஜனம் குடியிருந்த லயங்களையும் தேயிலையையும் தண்ணீருக்குள் அமுக்கி ஒரு வருஷம்கூட முழுதாய் ஆகவில்லை. அதற்குள் துரைக்கொரு பாய்ப்படகு வந்து இறங்கிவிட்டது. ஊசிமலைத் தோட்டத்து டன்கன் துரை வாங்கியது, கொழும்பில் யாரோ வேண்டாமென்று கழித்துவிட்ட கிழட்டுப் படகு. ஹட்டன் வழியாக லொறியில் வந்து சேர்ந்த அந்தப் படகு முதல் பந்தயத்திலேயே துரையின் மானத்தை வாங்கிவிட்டது. காற்று பலமாக அடித்தால் படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தவுடன், பின்னால் தொங்கும் சுக்கான் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். அப்புறம் படகு யார் சொல்லையும் கேட்காது.

தோற்றுக் கரைக்கு வந்த துரை, படகைப் பிடிக்க நின்ற தொழிற்சாலைத் தச்சன் அழகுமுத்துவை ஓங்கி அறைந்தார். அவன் செய்த சுக்கான் இல்லை அது. கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றான், அவ்வளவுதான்.

“புது சுக்கான் போடு. அடுத்த ரேஸ் நான் ஜெயிக்க வேணும்.”

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அழகுமுத்து கேட்டுவிட்டான். “ஜெயிச்சா எங்க வீரய்யாவத் திருப்பி வேலைக்கு எடுப்பீங்களாங்க தொரை?”

துரை சிரித்தார். “ஜெயிச்சா எடுக்கிறேன். கங்காணி அவன் மேல கை வைக்க மாட்டான். போ.”

வீரய்யா அவன் தங்கை மீனம்மாவின் புருஷன். ஒரு மாதத்துக்கு முன்னால், கொழுந்து நிறுக்கிற இடத்தில் எதிர்த்துப் பேசினாள் என்று பெரிய கங்காணி செல்லசாமி மீனம்மாவை முதுகில் கம்பு முறிகிற மாதிரி அடித்தான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையிலிருந்து ஓடிவந்த வீரய்யா ஒன்றும் கேட்கவில்லை. கையிலிருந்த கவ்வாத்துக் கத்தியை ஒரு வீச்சு வீசினான். கங்காணியின் இடது காது அறுந்து கொழுந்துக் கூடைக்குள் விழுந்தது. துரை வீரய்யாவை வேலை நீக்கி, பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே விரட்டினார். அவன் பொகவந்தலாவையில் சித்தப்பன் வீட்டில் ஒளிந்துகொண்டான். செல்லசாமி பொலிசுக்குப் போகவில்லை. “பொலிசு எதுக்கு? காதுக்குத் தலைய எடுத்துக்கிறேன்” என்று லயம் லயமாகச் சொல்லிவைத்தான். சொன்னதோடு விடாமல் ஆட்களை அனுப்பி லயத்தில் மீனம்மா குடியிருந்த காம்பராவின் கதவை உடைத்து, அடுப்பை மிதித்து, சேலைகளையெல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்தினான்.

ஆகவே அழகுமுத்து செய்தது சுக்கான் இல்லை. தங்கச்சி புருஷனின் உயிரைத்தான் தேக்குப் பலகையில் இழைத்துக்கொண்டிருந்தான்.

பழைய சுக்கான் முறம்போல அகலமாய், குட்டையாய் இருந்தது. துரை தாளில் வரைந்து கொடுத்தது அதைவிடக் குறுகலாய், நீளமாய் இருந்தது. அழகுமுத்து அதைப் பார்த்து யோசித்தான். படகு எவ்வளவு சாய்ந்தாலும் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றால் இன்னும் நீளம் வேண்டும். துரையைக் கேட்காமலே ஒரு சாண் கூட்டி அறுத்தான். பின்னோரத்தைக் கத்தி முனைபோல மெலிதாக இழைத்தான். தொழிற்சாலை இரும்பில் கொக்கிகள் அடித்து மாட்டினான். தொழிற்சாலைச் சாமி ரோதமுனிக்கு ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரமும் கொளுத்தினான்.

வெள்ளோட்டத்தில் துரை அவனையும் ஏற்றிக்கொண்டார். படகு சாய்ந்தது, சுக்கான் மேலே வரவில்லை. துரை ஒற்றை விரலால் சுக்கான் பிடியைத் தள்ளினார். படகு சொன்ன இடத்தில் திரும்பியது. இன்னொரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல வேலை” என்றார். பதினெட்டு வருஷ வேலையில் துரை வாயிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அழகுமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே பொகவந்தலாவைக்கு ஆள் அனுப்பினான்: “ஞாயித்துக்கெழம ரேசு, வந்துரு மச்சான். வேலை முடிஞ்ச மாதிரிதான்.”

அந்த வாய் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மழை கண்டு இரண்டு மாதமாகியிருந்ததால் தண்ணீர் நன்றாகவே இறங்கிக் கிடந்தது. தொழிற்சாலைக்குக் கீழே கரை நெடுக லயத்து ஜனம் வேடிக்கை பார்க்க நின்றது. வீரய்யா வெள்ளைச் சட்டை போட்டு மீனம்மாவின் பக்கத்தில் நின்றான். துரை பங்களாவுக்குப் போக வேண்டுமே என்று போட்டுக்கொண்ட சட்டை.

துரை அழகுமுத்துவைப் படகில் பாரத்துக்காக உட்காரவைத்தார். சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். அதுதான் அவன் வேலை. முதல் சுற்றிலேயே டன்கன் துரையின் படகு மற்ற நாலு படகுகளையும் முந்திவிட்டது. இரண்டாவது சுற்றில் வெகுதூரம் முன்னால் போனது. துரை பாடிக்கொண்டே ஓட்டினார். அழகுமுத்துவும் உள்ளுக்குள் பாடிக்கொண்டுதான் இருந்தான்.

கரையில் செல்லசாமியும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றான். துரை ஜெயித்துவிட்டால் வீரய்யாவைத் தொட முடியாது. படகு எவ்வளவு வேகமாக ஓடியதோ அவ்வளவு சீக்கிரம் அவன் வேலையை முடிக்க வேண்டியிருந்தது.

கூட்டம் சட்டென்று விலகுவது தண்ணீரிலிருந்து தெரிந்தது. நடுவில் வெள்ளைச் சட்டை. ஐந்தாறு பேர் அதை மயிரைப் பிடித்துத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்து வந்தார்கள். கங்காணியின் ஆள் மூக்கன் உலக்கைத் தடி ஒன்றை ஓங்கி வீரய்யாவின் முழங்காலில் இறக்கினான். அடி விழுந்தது முதலில் தெரிந்தது. சத்தம் பிறகு வந்தது.

“தொரை, கரைக்குத் திருப்புங்க. வீரய்யாவ அடிக்கிறானுங்க. கொன்னுருவானுங்க.”

துரை கரையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். “ரேஸ் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்.”

“தொரை, நீங்க வாக்குக் குடுத்தீங்க.”

“உக்காருடா.”

மறுபடி தடி இறங்கியது. மீனம்மாவின் அலறல் தண்ணீர்மேல் வந்தது. அழகுமுத்து பாய்ந்து சுக்கான் பிடியைப் பற்றினான். துரை துடுப்பை எடுத்து அவன் தோளில் போட்டார். தோளெலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடியில் புருவம் கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. அவன் பிடியை விடவில்லை. துரையின் மணிக்கட்டைப் பல் எலும்பில் படும்வரை கடித்தான். துரை கத்திக்கொண்டு கையை எடுத்ததும் பிடியைத் தன் பக்கம் ஒரே இழுப்பாக இழுத்தான்.

படகு அந்தக் கணமே திரும்பியது. பாயைத் தாங்கும் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசிக்கொண்டு போய், எழுந்து நின்ற துரையின் மண்டையில் இடித்தது. துரை படகுக்குள் மடங்கி விழுந்தார். அழகுமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டைக்கு நேராகப் பிடித்தான். காற்று பின்னாலிருந்து தள்ளியது. தன் கையால் செய்த சுக்கான், ஒற்றைக் கைக்கு, முறிந்த தோளுக்கு, எவ்வளவு அழகாகக் கீழ்ப்படிந்தது!

கரை நெருங்கியது. முகங்கள் தெரிந்தன. மீனம்மா புருஷன்மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள்; அவளை இருவர் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி கத்தியோடு நின்று, வருகிற படகைப் பார்த்தான். அவன் ஆட்கள் தயங்கினார்கள். துரையின் படகு அல்லவா? துரைதான் வருகிறார் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் ஓடவே தொடங்கிவிட்டார்கள்.

அப்போது அடியில் ஏதோ மோதியது. படகு உதறிக்கொண்டு நின்றது. தேக்கு பிளக்கிற சத்தம். சுக்கான் பாதியில் முறிந்து மிதந்து போனது. படகு காற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு, பாய் படபடக்க, நின்ற இடத்திலேயே ஆடியது.

அது ஆற்று லயம். அழகுமுத்து பிறந்து, கலியாணம் கட்டிக் குடியிருந்த லயம். தண்ணீர் வந்தபோது கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு கல்சுவரை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் இறங்கியதில் சுவர் மேலே நெருங்கி வந்திருந்தது. பழைய குட்டைச் சுக்கான் என்றால் தாண்டியிருக்கும். துரை வரைந்த அளவும் உரசிக்கொண்டு தாண்டியிருக்கும். சுவரில் மாட்டியது அவன் கூட்டிய அந்த ஒரு சாண்.

சுக்கான் பிடியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தான். சுவர்மேல் இடுப்பளவு தண்ணீர். நீச்சல் தெரியாது. காலால் தடவித் தடவி, தன் காம்பரா, அண்டை வீட்டுக் காம்பரா என்று சுவரோடு நடந்தான். படகில் துரை இல்லை, தச்சன்தான் என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள். செல்லசாமி மீனம்மாவை உதைத்துத் தள்ளிவிட்டுக் குனிந்தான். கத்தி ஏறி இறங்கியது. அழகுமுத்து ஒவ்வொரு வெட்டையும் பார்த்துக்கொண்டே நடந்தான். சுவர் முடிந்த இடத்தில் கரைமேடு ஏறியிருந்தது, கழுத்துவரைதான் தண்ணீர். அமிழ்ந்து கிடந்த தேயிலைச் செடிகள் காலைக் கிழித்தன. கரையில் முந்நூறு பேர் நின்றார்கள். அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவர்களுக்கும் காம்பராக் கதவுகள் இருந்தன.

கரையேறியவன் செல்லசாமியின் தாடையில் சுக்கான் பிடியால் அடித்தான். விழுந்தவனின் கத்தி பிடித்த கையை அடித்தான். பிறகு எங்கே அடித்தான், எத்தனை அடித்தான் என்று அவனுக்கே தெரியாது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது கட்டையில் மயிரும் ரத்தமும் ஒட்டியிருந்தன. கங்காணிக்கு மூச்சு இல்லை.

மூக்கனும் மற்றவர்களும் ஓடிவிட்டார்கள். மேலே ரோட்டில் யாரோ பொலிசுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மீனம்மா வீரய்யாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். சட்டையில் வெள்ளையே இல்லை. அழகுமுத்து அவள் முன்னால் மண்டி போட்டான்.

அவள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

“நேராத்தானண்ணே வந்துக்கிட்டிருந்த” என்றாள். “அண்ணன் வந்துருச்சு, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு அவருகிட்ட சொன்னேன். அவரும் சரின்னு கையப் புடிச்சாரு. ஏண்ணே அங்க நின்னுட்ட?”

ஒரு சாண்தான் தங்கச்சி என்று அவளிடம் எப்படிச் சொல்வான்?