ஆயிரத்து இருபத்து நான்கு நிழல்கள்

மக்காவ் அஞ்சலகத்தில் அஞ்சல்தலை விற்ற இயோங் செங்குவோங்குக்கு ஐம்பது வயதில் ஆயிரத்து இருபத்து நான்கு நிழல்கள் இருந்தன. அங்கே அரசு ஊழியர்கள் சூதாட்ட விடுதிக்குள் கால்வைக்க, சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாட்களில் மட்டுமே அனுமதி. நாற்பது வயதில் அப்படி ஒரு நாள் போய், சீட்டாட்ட மேசையில் நூறு டாலர் வைத்துத் தோற்றார். தோற்றால் அடுத்து இரட்டிப்பாக வை. என்றைக்கு ஜெயிக்கிறாயோ அன்றைக்கு விட்டதெல்லாம் வந்துவிடும், மேலே ஒரு நூறும் சேரும். அதுதான் அவர் கணக்கு. மற்றவர்கள் அரை மணியில் செய்வதை இவர் வருடத்துக்கு ஒரே ஆட்டமாக ஆடினார். அப்படி ஆடினால் சூதாடி ஆகமாட்டோம் என்று அந்த மனிதர் மனதார நம்பினார்.

ஒவ்வொரு தோல்விக்கும் நிழல்களும் இரட்டித்தன. முதல் வருடம் இரண்டு. மனைவி லாய்ஹெங் புது விளக்கைக் குறை சொன்னாள். நான்காம் வருடம் பதினாறு. வரிசையில் நிற்பவர்கள் எண்ணி, நூறால் பெருக்கி, அடுத்த புத்தாண்டில் எவ்வளவு வைக்கப்போகிறார் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவமானத்தில் கூனிக் குறுகி, மழை நாட்களிலும் உச்சி வெயிலிலும் மட்டும் வெளியே நடந்தார். பத்தாம் வருடத்து ஐம்பத்தோராயிரத்து இருநூறுக்கு லாய்ஹெங்கின் கல்யாண வளையல்களை விற்றார். சீட்டின் ஓரத்தை மெல்ல மடக்கி, புள்ளி மாறட்டும் என்று ஊதி ஊதிப் பார்த்தும் ஒரு புள்ளியில் தோற்றார்.

வளையல்களை மீட்டே ஆகவேண்டும். பதினோராம் வருடம், ஓய்வூதிய நிதியிலிருந்து எடுத்த ஒரு லட்சத்து இரண்டாயிரத்து நானூறை மேசையில் வைத்தார். சீட்டுப் போடும் பெண் கைகாட்டினாள்.

"ஐயா, இந்த மேசைல ஒரு லட்சத்துக்கு மேல வைக்கக் கூடாது. பலகைல போட்டிருக்கே."

பலகை பதினோரு வருடமாக அங்கேதான் இருந்தது. பணத்தை வாரிக்கொண்டு திரும்பினால், நிழல்களுக்கு நடுவில் லாய்ஹெங் நின்றாள்.

"வளையல் போனது போன வருஷமே தெரியும். பெட்டில அதுக்குப் பதிலா ஆபீஸ் எடைக்கல்ல வச்சிருந்தீங்களே."

அவர் பணத்தைப் பைக்குள் திணித்தார்.

"எடை சரியாத்தாங்க இருந்துச்சு. கைல போட்டுக்கத்தான் முடியல."

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை. நிழல்களும் குறையவில்லை. அந்தக் கோடையில் புயல் பேருந்து நிறுத்தத்தின் கூரையைக் கொண்டுபோனது. காலையில் அவர் வந்து நின்றால், அவருடைய நிழல்கள் விழும் இடம் கிணற்றடி மாதிரிக் குளிர்ந்தது. சனங்கள் கூச்சமில்லாமல் உள்ளே வந்தார்கள்.

"அண்ணே, கொஞ்சம் இடது பக்கமா நில்லுங்க. பாப்பா மேல வெயிலு."

அவர் தலைகுனிந்தபடி நகர்ந்து கொடுப்பார். லாய்ஹெங் மட்டும் தள்ளிப்போய்க் குடை பிடித்து நின்றாள். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், குடையை மடக்கிக்கொண்டு, வெறுங்கையை வீசியபடி அவளும் வந்தாள்.

"நகருங்க."

அன்று பட்ட வெட்கம் போல் அவர் என்றும் பட்டதில்லை. நகர்ந்தார். பேருந்து வரும்வரை அவள் அந்த நிழலிலேயே நின்றாள்.