அக்காவிடம் சொன்ன சொல்

கூடப் பிறந்தவர்கள் இரண்டே பேர், அக்காவும் தங்கையும். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. சின்னவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா?" என்று கேட்டே தொண்டை கட்டிவிடும். கண்ணாடி போடும் ஆசையில் எழுத்து தெரியவில்லை என்று சாதிக்கும் பிள்ளைகளை நொடியில் பிடித்துவிடுவாள். பவரே இல்லாத வெறும் வில்லையைப் போட்டு "இப்போ?" என்பாள். "இப்போ சூப்பரா தெரியுது!" என்பான் பயல். கடையே சிரிக்கும்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் பெரியவள் தன் மகனை அங்கே கூட்டி வந்தாள். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். கொஞ்ச நாளாக அந்த ரேடியோ மக்கர் செய்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. படியில் கால் தவறியது.

சின்னவள் எல்லா மெஷினிலும் பார்த்தாள். கண் பளிங்கு மாதிரி இருந்தது. வெறும் வில்லையைப் போட்டாள், பவர் வில்லையைப் போட்டாள். எதைப் போட்டாலும் "தெரியல சித்தி" என்றான்.

"கண்ணுல ஒண்ணும் இல்லக்கா. படிக்க உடம்பு வணங்காம நடிக்கிறான். செல்லம் குடுத்தே கெடுத்து வெச்சிருக்க. நாலு போடு, எல்லாம் தன்னால தெரியும்."

அதுவரை பிள்ளை மேல் கை வைக்காதவள் பெரியவள். அன்று கடை வாசலிலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள். சின்னவள் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். அக்கா சரியாகத்தான் செய்தாள் என்று நினைத்தாள்.

அப்புறம் ஒருநாள் பையன் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்தார்கள். "கண் நல்லாத்தான் இருக்கு. கண் அனுப்புறதை வாங்கிக்கிற இடம் மூளையில அழிஞ்சிட்டு வருது" என்றார் டாக்டர். பரம்பரை நோய். அம்மா வழியாக இறங்குவது. பெண்களிடம் பெரும்பாலும் அடங்கிக் கிடந்து, ஆண் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பிடித்துக்கொள்வது. பிள்ளையின் சொந்த ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து, கெட்டுப்போன ஜீனுக்குப் பதிலாக நல்ல ஜீனை அவற்றில் ஏற்றி, மறுபடி உடம்புக்குள் விடும் சிகிச்சை இருக்கிறதாம். ஆனால் மூளையில் முதல் புள்ளி தெரியும்போதே செய்ய வேண்டும். ரேடியோவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

இதைக் கேட்ட நாளிலிருந்து சின்னவள் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடையில் வேலை, வீட்டில் வேலை, உடம்பு சரியில்லை என்று தினம் ஒரு சாக்கு. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் நிஜம்.

பெரியவள் போன் செய்தாள். "உன் பையனுக்கும் ரத்தம் குடுத்துப் பாத்துடு. டாக்டர் கண்டிப்பாச் சொல்லச் சொன்னாரு." சின்னவள் சரி சரி என்று வைத்துவிட்டாள். புருஷன் காதிலும் போடவில்லை. அவள் மகனுக்குச் செல்லப் பெயர் 'வாலு'. நாற்காலி மேலிருந்து கட்டிலுக்குத் தாவிக்கொண்டிருக்கும் அவனைப் பார்த்தால் எந்த நோய் ஞாபகத்துக்கு வரும்?

திரும்பத் திரும்பப் போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. ஒருநாள் பெரியவளே கடைக்கு வந்து நின்றாள். தலை வாரியிருக்கவில்லை, செருப்பு ஜோடி மாறியிருந்தது.

"பாத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

கடை நிறைய ஆட்கள். எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்ட வெட்கம் சின்னவளிடம் கோபமாகத் திரும்பியது. "உன் பிள்ளை மாதிரி என் பிள்ளையும் ஆகணும்னு அலையுறியா?" என்று கேட்டுவிட்டாள்.

வாயை விட்டுப் போனபின்தான் அது என்ன சொல் என்று அவளுக்கே உறைத்தது. பெரியவள் நேராகப் போய்ச் சின்னவளின் புருஷனைப் பார்த்தாள். அவன் பஸ் டிரைவர். டிப்போ வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் வீட்டுக்கு வந்து கத்தவில்லை. "என் பிள்ளை விஷயம், என்கிட்ட ஏன் மறைச்ச?" என்று ஒன்றே ஒன்று கேட்டான். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவனே வாலுவைத் தூக்கிப் போனான்.

வாலுவுக்கும் இருந்தது.

அடிக்கடி படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒரு படத்தில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. "இதுதான் சரியான நேரம்" என்றார் டாக்டர். ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டு ஸ்டெம் செல்களைப் பிரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவை திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததும், எலும்பு மஜ்ஜையில் பழைய செல்களைத் துடைத்தெடுக்கக் கடுமையான மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். பிறகு திருத்திய செல்கள் இருந்த ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார்கள். "அவ்வளவுதானா?" என்றான் வாலு.

தனியறையில் ஒருவர்தான் கூட இருக்கலாம். சின்னவள் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று புருஷன் போனில் பேசுவான். "வாய்ப்புண்ணுக்கு ஐஸ் துண்டு குடுக்கலாமான்னு நர்ஸைக் கேளு. உங்க அக்கா கேக்கச் சொன்னாங்க. தினம் எனக்குப் போன் பண்றாங்க."

அவனுக்குப் பண்ணுகிறாள், தனக்கில்லை. சின்னவள் குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

வாலு தேறினான். பல வருஷத்துக்கு ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், இந்தச் சிகிச்சையால் பின்னால் ரத்தப் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் புள்ளி பரவவில்லை. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம். யாரு உங்களை விரட்டி டெஸ்டுக்கு அனுப்பினது?" என்று கேட்டார்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனாள். வாலுவைக் கூட்டிப்போகவில்லை. ஓடியாடும் பிள்ளையோடு அந்த வாசலில் நிற்க மனசு கூசியது.

பெரியவள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே நடந்தாள். கூடத்தின் நடுவில் கட்டில். ஆணியில் பால் பை தொங்கியது, அதிலிருந்து குழாய் ரேடியோவின் வயிற்றுக்குப் போயிற்று. அவன் கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

"அக்கா, அன்னிக்குக் கடையில..."

"தினமும் காதுல விழுது" என்றாள் பெரியவள், குழாயை நிமிர்த்திக்கொண்டே. அவன் கடைவாயைத் துடைத்துவிட்டு, "உன் பையனுக்கும் இருக்குன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு பாரு, அந்த நொடி, நான் மட்டும் இல்லைன்னு ஒரு நிம்மதி வந்துச்சுடி. ஒரே நொடிதான். ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். அதுக்காக நீ சொன்னது சரின்னு ஆயிடாது."

"நான் நடிக்கிறான்னு சொல்லித்தானே நீ அவனை அடிச்ச..."

"நீ சொன்ன. அடிச்ச கை என்னோடது. அதை உன்கிட்ட தள்ளிவிட முடியுமா?"

சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவள் அவளைத் தேற்றவில்லை.

"அழுதது போதும், வா இப்படி. முதுகு புண்ணாகாம இவனைத் திருப்பிப் படுக்க வைக்கணும். தனியா முடியல. நீ கழுத்தைப் பிடி."

சின்னவள் பிடித்தாள். தலை இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

"அப்படி இல்ல. கையை அடியில குடு. ஆங். இப்போ மெதுவா."

திருப்பினார்கள். அவன் பெருமூச்சு விட்டான். கன்னம் சின்னவளின் உள்ளங்கையில் படிந்தது. அக்கா தலையணையைச் செருகும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

"வாலுவைக் கூட்டிட்டு வரட்டுமாக்கா?"

பெரியவள் ஈரத்துணியைப் பிழிந்தாள். "வரட்டும். பாக்கணும்னுதான் இருக்கு. ஆனா இப்போ வேணாம். கொஞ்ச நாள் நீ மட்டும் வா."