தோணிரேவு மண்

"வாயத் தொறந்து புடிடா. பாத்துகினே நின்னா இன்னா அர்த்தம்?"

பக்கத்து வீட்டு லோகநாயகி அதட்டியதும் வடிவேலு அக்காவின் தாடையை விரலால் அழுத்திப் பிடித்தார். வீட்டு வாசல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஸ்பூனில் எடுத்து வைத்திருந்தாள் லோகநாயகி. சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி கழுத்து வழியாக இறங்கித் தலையணையை நனைத்தது. மீதி உள்ளே போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு மூச்சு. மறுபடி மூச்சு.

வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதிலிருந்து அமுதவல்லி கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் நிற்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஓர் ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்பது ஊர்க் கணக்கு. அது என்னவென்று கண்டுபிடித்து வாயில் விட்டால் உயிர் லேசாகப் போய்விடும். தங்கத்தை உரசி விட்டுப் பார்த்தாகிவிட்டது. இறால் குழம்பின் தெளிவை விட்டுப் பார்த்தாகிவிட்டது. இப்போது மண்.

"டீயா இருக்கப்போவுதும்மா. கெய்வி அதுலதான் உசுரு வாழ்ந்துச்சு," என்றாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

"அத அப்பவே குடுத்தாச்சு."

"அப்ப கண்டக்டரத் திட்டணும்னு வாய் நமநமன்னு கீதோ இன்னாவோ."

பெண்கள் சிரித்தார்கள். வடிவேலுவும் சிரித்துவிட்டார். ஒருமுறை மீன் விற்கத் திருப்பாலைவனம் போகும் வழியில், மீன் கவிச்சி அடிக்கிறதென்று ஒரு கண்டக்டர் அக்காவைக் கூடையோடு நடுரோட்டில் இறக்கிவிட்டான். மறுநாள் அதே இடத்தில், அதே பஸ்ஸுக்கு முன்னால் கூடையை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டரே இறங்கி வந்து கூடையைத் தூக்கிப் படியில் வைத்த பிறகுதான் பஸ் நகர்ந்தது. அதற்குப் பிறகும் அவனைத் திட்டிக்கொண்டேதான் போனாளாம்.

சிரிப்பு அடங்கியதும் லோகநாயகி குரலைத் தாழ்த்தினாள்.

"தோணிரேவா இருக்குமோ?"

ஒருத்தி எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

வடிவேலுவைப் பெற்றுப்போட்டுவிட்டு அம்மா செத்தபோது அமுதவல்லிக்குத் தாவணி போடுகிற வயது. நைனா கடலுக்கும் சாராயத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தார். பிள்ளை அக்கா கையில் வளர்ந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்து மாப்பிள்ளை வந்தார். நாள்கூடக் குறித்தார்கள். பொடியனை அப்பனிடமே விட்டுவிட்டு வரவேண்டும் என்று அந்த வீட்டில் சொன்னார்கள். அக்கா தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்புறம் வந்த யாரையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஊரில் ஒருவரும் இதை வடிவேலுவின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஒருவரும் மறந்ததும் இல்லை.

"அந்தாளு செத்தே எத்தினி வருசம் ஆவுது," என்றார் வடிவேலு.

"செத்தா இன்னா? வூடு கீதுல்ல? வாசல் கீதுல்ல? டேய் சிவசங்கரு, வண்டிய எட்றா."

சிவசங்கர் அப்பாவைப் பார்த்தான். வடிவேலு கூரையைப் பார்த்தார். பையன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவன் வரும்வரை வடிவேலுவால் உள்ளே இருக்க முடியவில்லை. கரைக்குப் போய் நின்றார். ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக்கிடந்தது. ஏரித் தண்ணீர் உள்வாங்கி, படகுகள் சேற்றில் சாய்ந்திருந்தன. அந்த மண்ணுக்கு அக்கா அடங்கிவிட்டால் என்ன செய்வது? அவள் நடந்த நடை, சுமந்த கூடை, அவருக்குப் பார்த்துக் கட்டிவைத்த பெண், அந்தப் பெண் செத்தபோது அவர் வாயில் ஊட்டிய சோறு, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தோணிரேவு வாசல்தான் இருந்தது என்று ஆகிவிடும். அதற்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வது? கேள்வி கேட்கவும் அக்காவுக்கு வாய் இருக்காது.

மண் ஒரு பிஸ்கட் கவரில் வந்தது.

"இன்னா சொல்லி எட்த்த?" என்றாள் லோகநாயகி.

"ஒண்ணும் சொல்லல பெரிம்மா. செருப்புல ஒட்டுனதத் தட்டுறா மாதிரி குந்தி எட்த்துகினு வந்துட்டேன். ஒரு நாயி மட்டும் பாத்துச்சு."

கரைத்தாள். வடிகட்டினாள். விட்டாள். பெண்கள் எல்லோரும் அமுதவல்லியின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு இறங்கியது. இறங்கியபடியே கொஞ்சம் நின்றது. வடிவேலு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஏறியது.

வடிவேலுவும் மூச்சு விட்டார். அக்கா சாகவில்லை என்பதற்காக அல்ல. அந்த மண்ணுக்குச் சாகவில்லை என்பதற்காக. அற்பமான சந்தோஷம்தான். ஆனாலும் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. லோகநாயகி அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்ப நீதாண்டா," என்றாள்.

"நானா?"

"உன்னிய வுட்டுட்டுப் போவ மன்சு வர்ல அதுக்கு. நான் பாத்துக்கறேன், நீ போன்னு காதுல சொல்லு. நீ சொன்னாதான் போவும்."

"நான் எப்டி லோகாக்கா சொல்றது?"

"வேற யாரு சொல்லுவா? பாரு, எப்டி இஸ்துகினு கெடக்குதுன்னு."

அக்காவிடம் எதையும் செய் என்றோ செய்யாதே என்றோ அவர் சொன்னதில்லை. சொல்வதெல்லாம் அவள் வேலை. எப்போது எழுவது, எந்த வலையை எடுப்பது, எவனோடு சேரக்கூடாது என்று தலை நரைத்த பிறகும் அவள்தான் சொன்னாள். கேட்டுக்கொள்வதுதான் அவர் வேலை. குனிந்தார். கம்மல் இழுத்து இழுத்து அவள் காதுத் துளை நீண்டு தொங்கியது. மண் ஈரத்தின் வாசனை வந்தது.

"அக்கா... டீ குடிக்கிறியா?"

"இவன் ஒருத்தன்," என்று தலையில் அடித்துக்கொண்டாள் லோகநாயகி.

மறுபடி குனிந்தார். "நீ போக்கா. நான் பாத்துக்கறேன்."

அவளுக்குக் காது மந்தம் என்பதால் பழக்கத்தில் கத்தித்தான் சொன்னார். தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூச்சு வந்தது. போனது. வந்தது.

"அவ எந்தக் காலத்துல யாரு பேச்சக் கேட்டா," என்றாள் லோகநாயகி. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் சிரித்தார்கள். வடிவேலுவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான். திருப்பி எடுக்க முடியாது.

வெயில் ஏறியதும் பெண்கள் சோறாக்கப் போனார்கள். சிவசங்கர் வாசலில் படுத்துத் தூங்கிவிட்டான். வடிவேலு பனை விசிறியோடு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவங்க சொல்லச் சொன்னாங்க. அதான்," என்றார்.

கொஞ்ச நேரம் விசிறினார். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. "முகத்துவாரத்துல மண்ணு வாரப்போறாங்களாம். வாரிட்டுத்தான் மறுவேல பாப்பாங்க. மடவை மீனே கண்ணுல படல. எல்லாம் கெளுத்தியா கீது. கெளுத்தியக் கூடைல வெச்சுகினு போனீன்னு வையி, திருப்பாலைவனத்துல எவ வாங்குவா? உன்னிய நிக்க வெச்சுக் கேப்பாளுங்க."

அக்காவின் உதட்டில் ஈ உட்கார்ந்தது. விரட்டினார். மறுபடி வந்து கீழ் உதடு ஓரமாக நடந்தது. காலையில் ஈ மொய்த்தபோது அந்த உதடு லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஈ உள்ளே இறங்கி, வெளியே வந்தது.

வடிவேலு நெஞ்சைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏறவில்லை. விசிறியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

தெருவிலிருந்து லோகநாயகியின் குரல் வந்தது. "டேய் வடிவேலு, எப்டி கீது?"

"கீது," என்றார்.

"நான் ரெண்டு வாய் துன்னுட்டு வரேன். பாத்துக்க."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. அவர் ஈயை விரட்டினார். விசிறியின் வேகத்தைக் குறைக்காமல், மடவையெல்லாம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அக்காவுக்குச் சொல்லத் தொடங்கினார்.