பெட்ரோல் ஊறிய அம்பாசடர்

ஜெபர்சனுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டான், பானட்டைத் திறந்துகொண்டு நிற்பான். வாலாஜாபாத் ரோட்டோரம் அன்று அப்படித்தான் நின்றான். அவனுடைய பழைய அம்பாசடரின் டெம்பரேச்சர் முள் மறுபடியும் சிவப்பைத் தொட்டிருந்தது. பின்சீட்டில் தங்கை மெர்சி போனில் வாடகைக் கார் நம்பர் தேடிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை அவளுக்குக் கல்யாணம். பென்னலூர் வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் பெண்ணை என் வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்று ஜெபர்சன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தான். மெர்சிக்கும் ஆசைதான். ஆனால் கல்யாணப் புடவையோடு ஹைவேயில் இறங்கி நிற்க அவள் தயாராக இல்லை. இன்றைக்கும் முள் ஆடினால் வாடகைக் காருக்குச் சொல்லிவிடுவதாகக் கறாராகப் பேசிவிட்டுத்தான் ஏறியிருந்தாள்.

தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று. ரேடியேட்டரைக் கழுவியாயிற்று. பெல்ட்டும் புதுசு. முள் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. இத்தனைக்கும் வண்டி பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் ஸ்ப்ரே கன் பிடிப்பவன் ஜெபர்சன். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து, டாஷ்போர்டு தகட்டைக்கூடக் கழற்றி, முன்னும் பின்னும் மழமழவென்று பெயின்ட் அடித்திருந்தான்.

அவன் மனைவி ஷீபா இன்னொரு கம்பெனியில் வயரிங் செக்கிங்கில் இருப்பவள். முன்சீட்டிலிருந்து இறங்கி வந்து ரேடியேட்டர் பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள். பெரிதாகச் சூடில்லை. உள்ளே வந்து சாவியைத் திருப்பி, மீட்டர்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். காலையில் எவ்வளவு பெட்ரோல் போட்டீர்கள் என்று கேட்டாள். போடவே இல்லை, டேங்க் அடியில் கொஞ்சம் கிடக்கிறது என்றான் அவன்.

"அப்ப எப்படிங்க ஃபுல்லு காட்டுது? இன்ஜின் சூடானா பெட்ரோல் ஊறுமா இன்னா?"

ஜெபர்சன் எட்டிப் பார்த்தான். இரண்டு முள்ளும் ஜோடியாக உச்சியில் நின்றன.

இரண்டுக்கும் கரண்டை அளந்து விடுவது ஒரே சின்ன டப்பா, அது டாஷ்போர்டு தகட்டின் பின்பக்கம் இருக்கிறது, அந்தத் தகடுதான் அதற்கு எர்த்து, எர்த்து சரியாகப் பிடிக்காவிட்டால் கரண்டு கூடுதலாகப் போய் இரண்டு முள்ளும் பொய் சொல்லும் என்றாள் ஷீபா. டப்பாவின் ஸ்க்ரூவைக் கழற்றினார்கள். அடியில் அவன் அடித்த பெயின்ட் பளபளவென்று சிரித்தது.

கம்பெனியில் எர்த்து இடங்களில் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுவது லைனில் முந்தின ஸ்டேஷன்காரர்கள் வேலை. ஜெபர்சனிடம் வரும்போது எல்லாம் மூடித்தான் வரும், அவன் கன்னை அழுத்தினால் போதும். வீட்டில் முந்தின ஸ்டேஷன் என்று யாருமில்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. அசடு வழிய நின்றான்.

நூலளவு கீறலுக்கே காரைத் திருப்பி அனுப்புகிறவன் அவன். சொந்தப் பெயின்ட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டே சாவியால் சுரண்டினான். ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு டார்ச் பிடித்தாள்.

டப்பாவைத் திரும்ப முடுக்கிய பிறகு பெட்ரோல் முள் அடிக்கு இறங்கியது, டெம்பரேச்சர் முள் பாதியில் நின்றது, நின்றதுதான். மெர்சி முதலில் அவன் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பியபோது பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூக்கம் கலையாமல் ஜெபர்சன் ஹாரனே அடிக்காமல் ஓட்டினான்.

வீட்டு வாசலில் எழுப்பினான். அவள் இறங்காமல் சீட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கெழமை மெதுவாவே ஓட்டுண்ணா. சர்ச்சு ரொம்பப் பக்கத்துல கீது."