புனைபெயருக்குத் தனிச்சொத்து கிடையாது

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. நேற்று சாப்பிட்டுக்கொண்டே அண்ணி சொன்னது. அவர் வேலை, அலுவலகக் கணினிகளின் இணையப் பெயர்களை இணைய விதிகளின்படி வகை பிரிப்பது: எது கணினியின் சொந்தப் பெயர், எது இன்னொரு கணினியைக் கைகாட்டும் புனைபெயர், எது வெறும் சேவையின் பெயர் என்று. மொத்தம் நானூறு பெயர்கள். நான் வாயைப் பிளந்து கேட்டேன். (கொட்டாவிக்கும் வாயைப் பிளக்கத்தானே வேண்டும்.)

2

முதல் தொடக்கம்: இருண்ட செர்வர் அறையில் நூறு விளக்குகள் அவளைப் பார்த்துக் கண்...

பின்னாலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "அங்க டியூப்லைட் பளிச்சுன்னு எரியும். ரீல் விடாதீங்க தம்பி."

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். அங்கே புதுக் கணினியை யார் தூக்கிக்கொண்டு படியேறுகிறாரோ, பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. மின்னஞ்சல் பிரிவுக்காரர் ஒன்றைத் தூக்கி வந்து, மூச்சு வாங்க, 'மாடி' என்று பெயர் வைத்தார். அதிகம் பேசாதவர், பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். வேலை கேட்டு வரும் விண்ணப்பங்கள் எல்லாம் 'மாடி'யின் முகவரிக்குத்தான் வரும்.

பட்டியலை ஒழுங்குபடுத்தும் வேகத்தில் அண்ணி 'மாடி'யை இன்னொரு கணினியின் புனைபெயராக்கிவிட்டார். புனைபெயருக்குத் தனிச்சொத்து கிடையாது என்பது விதி. அஞ்சலை எங்கே சேர்ப்பது என்ற குறிப்பைக்கூட அது வைத்துக்கொள்ள முடியாது. அதனால் 'மாடி'க்கு இருந்த குறிப்பையும் அண்ணியே நீக்கினார்.* இரண்டு வார விண்ணப்பங்கள், யாரையும் தெரியாத ஒரு கணினியின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயின.

* இந்த விதியை மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவரும் அவர்தான்.

3

மின்னஞ்சல் அவர் பொறுப்பு என்பதால் பழி ஊமைக்கோட்டான் தலையில் விழுந்தது. இன்று பதினொரு மணிக்கு விசாரணை. அவருடைய வேலை போய்விடும்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இப்படியும் ஒருவர் சும்மா இருப்பாரா?

"அவருக்கு விஷயமே தெரியாதா அண்ணி?"

"தெரியும். மாத்தினது யாருன்னு கம்ப்யூட்டர் பதிவுல என் பேரு இருக்கு. மத்தவங்க திறந்தே பார்க்கல. அவர் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல."

அண்ணியின் கண் கலங்கியது. எனக்குக் கேலி வரவில்லை.

4

முடிவு அ: யாருக்கும் தெரியவில்லை; அண்ணிக்குப் பதவி உயர்வு. ("வாயைக் கழுவுங்க!")

முடிவு ஆ: அண்ணி எழுந்து நின்று, கணீரென்று...

"எனக்கு அங்க பேச்சே வராது தம்பி. ரெண்டு நாளா சொல்லிப் பார்க்கறேன். நாக்கு ஒட்டிக்குது."

முடிவு இ-யைத் தொடங்குவதற்குள் பிரிண்டரைப் போட்டுவிட்டார். "இதுவரைக்கும் போதும். ஆறு காப்பி எடுங்க."

"அண்ணி, இது கதை!"

"இருக்கட்டுமே. நடந்தது அப்படியே இருக்குல்ல?"

5

ஆகவே, விசாரணைக் குழுவின் ஆறு பெரியவர்களே, என் வாசகர்கள் நீங்கள்தான். இதைப் படிக்கும்போது அண்ணி உங்கள் எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒருவர் வழக்கம்போலப் பேசாமல் இருப்பார். யாருக்கு வேலை இருக்கும், யாருக்குப் போகும் என்பதை நான் எழுதப் போவதில்லை. அது உங்கள் கையில். ஒன்று மட்டும் கேட்கிறேன். எதையும் முடிவு செய்யும் முன், பதிவைத் திறந்தே பார்க்காத நீங்களும் அந்தப் பேசாதவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்த மன்னிப்பை அண்ணியின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.