டேம்சனின் வயிற்றுவார்

டொன்காஸ்டர் பந்தயத்தில் எங்கள் குதிரை டேம்சன் ஒரு கழுத்தளவில் தோற்றதற்கு ஜாக்கி சைலஸ்தான் காரணம் என்று ஊரே பேசியது. எதிராளியிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு, கடிவாளத்தை இழுத்துப் பிடித்துவிட்டானாம். "சேணம் நழுவிடுச்சுய்யா!" என்று அவன் தலையிலடித்துக்கொண்டான். தலைமை லாயக்காரனான என்னை எஜமானர் கூப்பிட்டுக் கேட்டார். "வயித்து வார் கல்லு மாதிரி இறுக்கமா இருந்துச்சுங்க" என்றேன். அதோடு சைலஸுக்கு எந்த லாயத்திலும் குதிரை கிடைக்கவில்லை.

நான் சொன்னது பச்சைப் பொய். சேணம் கட்டும்போது டேம்சன் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்வாள், கள்ளி. மூச்சை விட்டதும் வார் தளர்ந்துவிடும்; அவளை நாலு எட்டு நடக்கவிட்டு வாரை மறுபடி இறுக்க வேண்டும். அன்று கூட்டத்தை வாய்பிளந்து பார்த்ததில் மறந்துவிட்டேன். பந்தயம் முடிந்ததும், எடை குறைக்கப் பட்டினி கிடந்த சைலஸ் இறங்கி வேலியோரம் வாந்தி எடுத்தான். அந்த இடைவெளியில் சரிந்திருந்த சேணத்தை முன்னால் தள்ளி, வாரை இறுக்கிவிட்டேன்.

ஜெயிப்போம் என்ற நினைப்பில் எஜமானர் முன்பே ஓவியர் பெக்கட்டிடம் படம் சொல்லிவைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் அவரே அதைக் கொண்டுவந்தார், லாயக் கதவு அகலத்துக்கு. துணியை விலக்கியதும் கிட்டப் போய்ப் பார்த்தேன். பதினோரு குதிரைகள். புல் தெறிக்கிறது. டேம்சனின் கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தெரிகிறது. கால்களை மட்டும் எல்லா ஓவியர்களையும் போல முன்னும் பின்னுமாக நீட்டி வைத்திருந்தார்; எந்தக் குதிரையும் அப்படி ஓடாது, போகட்டும். மனுஷன் கையா அது!

பிறகுதான் பார்த்தேன். சேணம் இரண்டு விரற்கடை பின்னால் சரிந்திருந்தது. வார் வயிற்றை விட்டுத் தொங்கியது. சைலஸ் ஒரு கையால் பிடரி மயிரைப் பற்றியிருந்தான். ஆயிரம் பேர் கத்திய இடத்தில், ஒரு பென்சிலோடு நின்ற இந்த ஆள் மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் அதைப் பிடித்திருக்கிறார்.

எஜமானர் சிரித்தார். "என்ன பெக்கட், குதிரைக்கு வார் கட்டத் தெரியாதா உமக்கு? அதை இறுக்கி வரையும்!"

"நான் கண்டதைத்தாங்க வரைஞ்சேன்." ஓவியர் என் பக்கம் திரும்பினார். "குதிரை விஷயம் உமக்குத்தான் தெரியும், ஒபட். நீர் தப்புன்னு சொன்னா இப்பவே மாத்திடறேன்."

தூரிகையை எடுத்துக்கொண்டு காத்து நின்றார். தப்புதான் என்று தலையை ஆட்டினால் போதும். அந்தப் படத்தின் முன்னால் என்னால் அது முடியவில்லை.

"மாத்தாதீங்கய்யா. ரெண்டாவது தடவை இறுக்க மறந்தவன் நான்தான்."

எஜமானர் என்னை மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, சைலஸுக்கு ஆள் அனுப்பினார்.

சைலஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படத்தின் முன் நின்றான். பிடரியைப் பற்றியிருந்த தன் கையையே பார்த்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"என் பொண்டாட்டிகிட்ட நூறு தடவை சொன்னேன், ஒபட்," என்றான். "அவகூட உன் பேச்சைத்தான் நம்பினா."